கிறிஸ்தவப் பள்ளியில் சிறப்பு என்பதை எதைக்கொண்டு அளப்பது?

கேள்வி: கணக்கு ஆசிரியர், தென் தமிழகம்

அனைவருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் ஒரு கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. சொல்லப்போகும் சங்கதி எங்கள் பள்ளிக்கு மட்டும் உரியதும் இல்லை.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தை வாசித்தாள். நூறு ஆடுகளை உடைய மேய்ப்பன், ஒன்று காணாமற்போனதும் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அதைத் தேடிப்போகிற பகுதி. திருத்தமாக, நிறுத்தி வாசித்தாள். அன்று மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் கூட்டம் நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் அரையாண்டுத் தேர்வில் பல பாடங்களில் தவறிய பதினொரு பேரின் பட்டியல் மேசைமேல் இருந்தது. அவர்களுடைய பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்து, பிள்ளைக்கு இந்தப் பள்ளி ஒத்துவராது, வேறு பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்கே நல்லது என்று பக்குவமாகப் பேசி, ஆண்டு முடிவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். பத்தாம் வகுப்பில் ஆறு ஆண்டுகளாக நூறு சதவீதத் தேர்ச்சி காட்டி வருகிறோம். அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது காரணம். கூட்டம் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிந்தது.

நான் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. சென்ற ஆண்டு இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். ஒரு தாயாரிடம் நான்தான் பேசினேன். அவர் மறுத்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சான்றிதழை வாங்கி நான்காக மடித்து, கொண்டுவந்திருந்த துணிக்கடை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லது சார், நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பையன் பின்னர் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எங்கள் பள்ளி வாசலில் விசுவாசம், ஒழுக்கம், சிறப்பு என்று மூன்று சொற்கள் எழுதியிருக்கின்றன. நடப்பில் சிறப்பைக் காப்பதற்காக விசுவாசத்தை ஒதுக்கி வைக்கிறோமா, அல்லது சிறப்பு என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ அதிலேயே பிழை இருக்கிறதா என்று எனக்குத் தெளியவில்லை. பள்ளி நடத்தியவர்களும், பள்ளியில் படித்தவர்களும், நிர்வாகத்தில் இருப்பவர்களும் மனம் திறந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்

ஐயா, உங்கள் மனவருத்தம் புரிகிறது. நான் வேறொரு மறைமாவட்டப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் தரப்பையும் ஒருவர் சொல்லத்தான் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே நிர்ணயிக்கப்படுகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் உபரி ஆகிவிடும். சுற்றிலும் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளின் வேன்கள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்கின்றன. சேர்க்கைக்கு வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வருடம் எத்தனை சதவீதம்?" என்பதுதான். அரசாங்கமே 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் பள்ளிவாரியான தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதை ஊரார் நிறுத்தவில்லை, கல்வித்துறை அதிகாரிகளும் நிறுத்தவில்லை. நூறு என்பது தொண்ணூற்றாறு ஆகும்போது அதற்கு விளக்கம் எழுதித் தருவது தலைமையாசிரியர்தான்.

பள்ளியே இல்லாமற்போனால் எந்த ஆட்டை யார் தேடுவது என்பது எங்கள் பக்கத்துக் கேள்வி. பட்டியல் போடுவதை நான் நியாயப்படுத்த வரவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் அச்சம் உண்மையானது என்று மட்டும் சொல்கிறேன். அந்த அச்சத்தைக் கணக்கில் எடுக்காத எந்த அறிவுரையும் கூட்டத்தில் நிற்காது.

பதில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, திருநெல்வேலி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்து, அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்தவள் நான். நீங்கள் சொல்லும் பட்டியல் என் மேசைக்கும் வந்திருக்கிறது.

எஜமான் ஒருவர் தம் ஊழியக்காரரிடம் தாலந்து என்னும் பணத்தை ஒப்படைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கணக்குக் கேட்கிற மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்து உவமையை நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் அடிக்கடி பேசுகிறார்கள். ஐந்து தாலந்தை வாங்கியவன் பத்தாக்கினான், ஆகவே பிள்ளைகளே, நீங்களும் உழைத்து முதலிடம் பெறுங்கள் என்று முடிப்பார்கள். அந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் எஜமான் சொல்கிற பாராட்டு எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். "நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே" என்று இருவருக்கும் அதே சொற்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒருவனிடம் பத்து இருக்கிறது, இன்னொருவனிடம் நான்கு இருக்கிறது; எஜமான் அந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. ஒவ்வொருவன் கையிலும் முதலில் என்ன கொடுத்தோம், அது இப்போது எவ்வளவாயிற்று என்றுதான் பார்த்தார். நம் கல்வித்துறையின் விழுக்காட்டுப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. கிறிஸ்தவப் பள்ளிக்குள் அந்தக் கட்டம் இருந்தாக வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஆண்டு என் பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். நான் கணக்கு ஆசிரியை என்பதால் நான்கு பேரை நானே எடுத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவன் காலாண்டுத் தேர்வில் ஏழு மதிப்பெண் வாங்கியவன். மாலை நாலரை மணிக்கு வராந்தாவில் உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் அவனுடைய சிக்கல் பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே இல்லை என்பது தெரிந்தது. மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கச் சொன்னால் இரண்டு என்பான். சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியும் என்பதே அவனுக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து குறை எண்கள் வரும் இடத்திலெல்லாம் ஊகித்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறான். பள்ளிக்கு எதிரே எங்கள் கோவில். அவனை அங்கே கூட்டிப்போய், படிக்கட்டின் நடுப்படியில் சுண்ணாம்புக் கட்டியால் பூச்சியம் என்று எழுதி, மேலே ஏறினால் கூட்டல், கீழே இறங்கினால் கழித்தல் என்று சொல்லி, மூன்றாம் படியில் நிறுத்தி, ஐந்து படி இறங்கச் சொன்னேன். இறங்கினான். பூச்சியத்துக்குக் கீழே இரண்டாவது படியில் நின்று தன் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மைனஸ் ரெண்டு டீச்சர்" என்றான். பதினைந்து வயதுப் பையன், தம்பி. அந்தப் படிக்கட்டுக்கு அவன் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளில் அவனுடைய விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி.

பிறகு நாள்தோறும் ஒரு மணி நேரம். வரைபடமும் செய்முறை வடிவியலும் முதலில் படியட்டும் என்று தொடங்கினேன். இன்றைய வினாத்தாளிலும் அவை இரண்டுக்கும் எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். கவராயத்தைப் பிடிக்கும்போது அவன் கை நடுங்கும், வில் வரைகிற இடத்தில் தாள் கிழிந்துவிடும். பழைய நாட்காட்டியின் கெட்டித் தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். ஏழு பேரில் ஐந்து பேர் மார்ச்சில் தேறினார்கள். ஒரு பெண் துணைத்தேர்வில் தேறினாள். ஒருவன் தேறவில்லை; இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. அந்த ஆண்டு எங்கள் தேர்ச்சி நூறு சதவீதமாக இல்லை, நானும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஐயா சொன்ன அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் அடுத்த ஜூனில் சேர்க்கை குறையவில்லை. தேறிய பிள்ளைகளின் தாய்மார்கள் தங்கள் தெருவில் பேசியதை எந்த ஃப்ளெக்ஸ் பேனராலும் பேசியிருக்க முடியாது. எல்லா ஊரிலும் அப்படியே நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நல்ல மதிப்பெண்ணும் பெரிய கல்லூரிகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரில்தான், சாரா டக்கர் பள்ளியின் பொறுப்பில் இருந்த புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 1890-களில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான கல்வியை அதே பத்தாண்டில் தொடங்கினார். இவர்களுக்குக் கற்பிக்க முடியாது என்று உலகம் ஒதுக்கிய பிள்ளைகளுக்காகப் புதிய கற்பிக்கும் முறையையே தேடிப் பிடித்தவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரின் கல்விச் சிறப்பில் அதுதான் உச்சம். பனையேறிகளின் பிள்ளைகளும் எழுத்தறியட்டும் என்று தொடங்கிய பள்ளிகளின் வழிவந்த நாம், கற்பிக்கச் சிரமமான பிள்ளையை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதை எப்படிச் சிறப்பு என்று சொல்லிக்கொள்வது?

பதில்: முன்னாள் மாணவர், திருச்சி

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இயேசு சபைத் தந்தையர் நடத்திய பள்ளியில் படித்தேன். வெளியிலிருந்து உள்ளே போனவனுக்கு அந்தப் பள்ளியின் விசுவாசம் எப்படித் தெரிந்தது என்பதை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மறைக்கல்வி வகுப்பு கத்தோலிக்க மாணவர்களுக்கு. எங்களுக்கு அதே பாடவேளையில் நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறச் செய்யக்கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது என்பதைப் பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பள்ளியில் அது சட்டம் என்ற நினைவே வராதபடி இயல்பாக நடந்தது. சிற்றாலயத்துக்குள் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆகவே அந்தப் பள்ளியின் விசுவாசத்தை நான் செபங்களில் அறியவில்லை, கட்டுரை நோட்டில்தான் அறிந்தேன்.

தமிழ்க் கட்டுரை நோட்டுகளைத் திருத்திய தந்தை ஒருவர் இருந்தார். அறுபது பேர் வகுப்பு. வெறுமனே சரி என்று குறியிட்டு அவர் ஒரு பக்கத்தையும் தாண்டியதில்லை. சந்திப்பிழையை வட்டமிடுவார், ஓரத்தில் சரியான வடிவத்தை எழுதுவார், கடைசியில் அந்தக் கட்டுரைக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு வரி எழுதுவார். "உன் பாட்டியைப் பற்றிய பத்தி உயிரோடு இருக்கிறது, மழையைப் பற்றிய பத்தியை யாரிடம் கடன் வாங்கினாய்?" என்று எனக்கு எழுதினார். உண்மையில் அதைக் கோனார் உரையிலிருந்துதான் எடுத்திருந்தேன். இரவு பதினொரு மணிக்கும் அவர் அறையில் விளக்கு எரியும் என்று விடுதி மாணவர்கள் சொல்வார்கள். இறைவனின் அதிமிகு மகிமைக்காக என்பது அவர்கள் சபையின் விருதுவாக்கு. யாரும் சரிபார்க்கப் போகாத அறுபதாவது நோட்டையும் முதல் நோட்டைப் போலவே திருத்துவதற்கு அவருக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. சிறப்பு என்ற சொல்லுக்கு நான் கண்ணால் கண்ட பொருள் அதுதான்.

1599இல் இயேசு சபையினர் தங்கள் பள்ளிகளுக்கென ஒரு கல்வித் திட்டத்தையே வகுத்து வெளியிட்டார்கள். எந்த வகுப்பில் எதை, எந்த வரிசையில், எப்படித் திரும்பத் திரும்பப் பயிற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருந்தது. போட்டியும் பரிசும் கூட அதில் இருந்தன. ஆகவே விசுவாசம் இருக்கும் இடத்தில் போட்டி கூடாது என்றோ, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே கூடாது என்றோ நான் சொல்ல மாட்டேன். மதிப்பெண் பேசாத பள்ளியில் என்னைப் போன்ற முதல் தலைமுறை மாணவனுக்கு மேலே போக ஏணியே இருந்திருக்காது. இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், தம் ஆசிரியர் அய்யாதுரை சாலமனைக் கடைசிவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். தீவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் மாணவனிடம், நீ நினைக்கும் உயரத்துக்கு உன்னால் போக முடியும் என்று சொன்ன கிறிஸ்தவ ஆசிரியர் அவர். அந்த உறவில் விசுவாசம் எங்கே முடிந்து சிறப்பு எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காட்ட முடியுமா?

பதில்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

இந்தக் கேள்வி எங்கள் மண்ணில் ஒரு பெரிய கல்லூரியையே மூட வைத்த கேள்வி என்பதால் அந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூர். அங்கே வேதாகமத்தோடு கணிதமும் வானவியலும் ஆங்கிலமும் தமிழும் மிக உயர்ந்த தரத்தில் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1857இல் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவருமே அங்கே படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக நின்று, 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார் என்பது தமிழுலகம் அறிந்தது.

ஆனால் அவர்கள் பட்டம் பெறுவதற்கு முன்பே, 1855இல் செமினரி மூடப்பட்டுவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து பார்வையிட்ட மிஷன் சபைச் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் தலைமையிலான குழுவுக்கு, மாணவர்கள் உயர்கல்வியைப் பெற்றுக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள், மிஷனின் நோக்கம் நிறைவேறவில்லை என்ற எண்ணம் இருந்தது. தாய்மொழியில் எளிய கல்வியும் சுவிசேஷப் பணியும் போதும் என்பது அவர்களின் முடிவு. விசுவாசத்தின் பெயரால் சிறப்பை மூடினார்கள். ஊர் அதை ஏற்கவில்லை; 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

உங்கள் பள்ளியில் நடப்பது இதற்கு நேர்மாறு என்று தோன்றும். எனக்கு இரண்டும் ஒரே பிழையாகவே படுகிறது. அண்டர்சன் குழு எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்று எண்ணியது. உங்கள் கூட்டம் எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணுகிறது. இரண்டு இடத்திலும் எண்ணிக்கைக்குள் அடங்காத பிள்ளை செலவுக் கணக்கில் போய்விட்டான். அதே மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். அதற்காக உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை ஒவ்வொன்றாக உருவாக்கினார். மாணவனுக்கு எட்டாத இடத்தில் பாடம் இருக்கிறது என்று கண்டபோது, அவர் மாணவனை மாற்றாமல் பாடத்தை அவன் மொழிக்குக் கொண்டுவந்தார். திருநெல்வேலி அம்மா கோவில் படிக்கட்டில் செய்ததும் இந்த வேலைதான் என்று வாசிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டவர்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நிர்வாகக் குழு ஐயா சொன்ன அச்சத்தை எங்கள் தலைமையாசிரியரின் முகத்திலும் இப்போது பார்க்க முடிகிறது. அவரைத் தனியாகக் குற்றம் சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

நேற்று அவரிடம் போய், பட்டியலைச் சித்திரை வரை யாரிடமும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பதினொரு பேரும் எந்தெந்தப் பாடத்தில், எந்த வகுப்பு அளவில் நின்றுவிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "தமிழ்ப் பாடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், கணக்கை நீங்கள் எடுங்கள், ஆங்கிலத்துக்கு யாரிடமாவது பேசுங்கள்" என்றார். தாளாளரிடம் இன்னும் பேசவில்லை. தேர்ச்சி குறைந்தால் விளக்கக் கடிதத்தில் தம்மோடு நானும் கையெழுத்திட வேண்டும் என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா, இன்று மாலை முதல் ஆறு பேரை உட்கார வைத்தேன். மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்கச் சொன்னேன். நான்கு பேர் இரண்டு என்று எழுதினார்கள். எங்கள் பள்ளி வளாகத்தில் கோவில் இல்லை, மாடிப்படி இருக்கிறது. நாளை சுண்ணாம்புக் கட்டி எடுத்துப் போகிறேன். சென்ற ஆண்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிப்போன அந்தப் பையனின் வீட்டை விசாரித்து வைத்திருக்கிறேன், செங்கல் சூளைக்குப் பக்கத்தில் என்று சொன்னார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போகலாம் என்று இருக்கிறேன். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத அவனுக்கு என்னென்ன தாள்கள் தேவைப்படும் என்பது இங்கே யாருக்காவது தெரிந்தால் அதற்கு முன் எழுதுங்கள்.